“ரத்தம் எடுக்க முடியாது” என்று சொன்ன பிறகு செய்யக்கூடாதவை

கல்லூரிகளில் நடக்கும் ரத்த தான முகாம்களில் பதிவு மேசைக்கும் படுக்கைகளுக்கும் நடுவே ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கும். படிவத்தைச் சரிபார்த்து, எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்து, தேவைப்பட்டால் “இன்றைக்கு உங்களிடம் எடுக்க முடியாது” என்று சொல்லும் இடம் அதுதான். அந்தப் பக்கத்தில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வரும் எனக்கு, அந்தச் சொல்லைக் கேட்டதும் வாடிப் போகும் முகங்கள் பழகிவிட்டன. ஆனால் அதன் பிறகு அவர்கள் செய்யும் காரியங்கள் இன்னும் பழகவில்லை. எங்கள் தலைமுறைத் தன்னார்வலர்கள் செய்த அதே பிழைகளை இன்று முதன்முறையாக வரும் மாணவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்க வேண்டும், வெறும் வயிற்றோடு வரக்கூடாது என்பவற்றையெல்லாம் முகாமின் சுவரொட்டியே சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிட்டு, மறுக்கப்பட்ட பிறகு நேரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

காரணத்தைக் கேட்காமல் எழுந்து போவது

மறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு கேள்விகளைக் கேட்பதில்லை: எதனால் முடியாது, எதுவரை முடியாது? நம் நாட்டு விதிகளில் பெரும்பாலான மறுப்புகளுக்குக் கெடு உண்டு. பச்சை குத்தியிருந்தாலோ காது, மூக்கு குத்தியிருந்தாலோ 12 மாதம். டெங்கு வந்திருந்தால் முழுமையாகக் குணமானதிலிருந்து 6 மாதம். மலேரியாவுக்கு 3 மாதம். டைபாய்டுக்கு 12 மாதம். நாய்க்கடித் தடுப்பூசி போட்டவருக்கு ஓராண்டு. பிரசவமானவருக்கு 12 மாதம், அதோடு குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலம் முழுவதும். ஏற்கெனவே கொடுத்தவர்கள் மறுபடி கொடுக்க ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும். “என்னிடம் எடுக்க மாட்டார்கள்” என்று ஐந்தாண்டுகள் ஒதுங்கியிருந்த ஒருவரை விசாரித்தபோது, அவருக்குச் சொல்லப்பட்டிருந்த காரணம் அந்த மாதம் வந்து போன காய்ச்சல்தான் என்று தெரிந்தது. படிவத்தின் ஓரத்திலோ உங்கள் கைப்பேசியிலோ அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள்.

மிதந்த துளியைப் பார்த்துத் தானே முடிவு கட்டிக்கொள்வது

பல முகாம்களில் இன்னும் நீல நிறத் தாமிர சல்பேட் கரைசலில்தான் சோதிக்கிறோம். விரலிலிருந்து எடுத்த சொட்டைக் கரைசலின் மேலிருந்து விடும்போது, அது சில நொடிகளில் நேராக அடியில் போய்ச் சேர்ந்தால் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது என்று கொள்கிறோம். நடுவில் தயங்கி நின்றாலோ, மேலே எழும்பி வந்தாலோ எடுப்பதில்லை. குடுவையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தன் கண்ணெதிரே அந்தச் சிவப்பு மணி மேலே வருவது தேர்வில் தோற்றது போலத் தோன்றிவிடுகிறது. “நான் நல்லாத்தானே சாப்பிடுறேன்ணா” என்று கண் கலங்குகிறார்கள்.

இந்தச் சோதனை எண் எதையும் சொல்லாது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை. கருவுறாத பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்த சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. கொடையாளருக்கான வரம்போ ஆண், பெண் இருவருக்குமே 12.5. ஆகவே 12.2 உள்ள ஒரு பெண் நோயாளியும் இல்லை, அன்றைய கொடையாளரும் இல்லை. அதே நேரம், 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருக்கிறது என்பதால், அந்தத் துளியை அலட்சியப்படுத்தவும் கூடாது. அரசு மருத்துவமனையில் முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்து எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு அடுத்த முகாமுக்கு வருகிறவர்கள் மீண்டும் ஏமாறுகிறார்கள். குறைந்த ஹீமோகுளோபின் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஏறிய பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்காக மருத்துவர்கள் சுமார் 3 மாதம் இரும்பு மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் உடலில் சேரும் இரும்பு குறைந்துவிடும். மாத்திரைக்கும் அசையாத குறைவு என்றால், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின், பெற்றோரிடமிருந்து வரும் மரபுக் கூறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கூறு உள்ளவர்கள் காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆணுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லி விட்டுவிடக் கூடாது. குடலிலோ மூலத்திலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

எடையைக் கூட்டிச் சொல்வது

45 கிலோவுக்குக் குறைந்த உடலிலிருந்து 350 மில்லி எடுத்தால் மயங்கி விழப்போவது நீங்கள்தான்.

அடுத்த முகாமில் மறைப்பது

எனக்கு இன்றளவும் ஆறாத எரிச்சலைத் தருவது இதுதான். ஓரிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர், எந்தப் பதிலால் அனுப்பப்பட்டார் என்பதைப் புரிந்துகொண்டு, அடுத்த வாரம் வேறொரு முகாமில் அந்தப் பதிலை மட்டும் மாற்றி எழுதுவார். கெட்ட எண்ணத்தால் இதைச் செய்கிறவரை நான் சந்தித்ததே இல்லை. எல்லோருமே நல்லது செய்யத் துடிக்கிறவர்கள். அதனால்தான் இதைத் தடுப்பது இவ்வளவு கடினமாக இருக்கிறது.

பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர், முன்கையில் தம் தாயின் பெயரைப் பச்சை குத்திச் சில மாதங்களே ஆகியிருந்ததால் எங்கள் முகாமில் திருப்பி அனுப்பப்பட்டார். அதே மாதத்தில் வேறோர் ஊரில் நடந்த முகாமில், மே மாத வெயிலில், மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையோடு வரிசையில் நின்றார். படிவத்தில் பச்சை பற்றிய கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று அழுத்தமாக எழுதியிருந்தார். தனியே அழைத்துக் கேட்டபோது மறைக்கவில்லை. “அண்ணா, ஊசியெல்லாம் புதுசுதான் போட்டாங்க. எப்படியும் நீங்க டெஸ்ட் பண்ணித்தானே ஏத்துவீங்க?” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் எடுக்கப்படும் ஒவ்வொரு யூனிட்டையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கிருமி உடலுக்குள் நுழைந்த நாளிலிருந்து பரிசோதனையில் தென்படும் நாள் வரை ஓர் இடைவெளி உண்டு. எச்.ஐ.வி.க்கு அது சில வாரங்கள். ஹெபடைடிஸ் பி-க்கு இன்னும் நீளமாக இருக்கலாம். கிருமியின் மரபணுவையே தேடும் ‘நாட்’ பரிசோதனை அந்த இடைவெளியைச் சுருக்குகிறதே தவிர இல்லாமல் ஆக்குவதில்லை. அந்த வசதியும் எல்லா ரத்த மையங்களிலும் கிடையாது. இடைவெளிக்குள் கொடுக்கப்பட்ட ரத்தம் எல்லாச் சோதனையிலும் சுத்தம் என்றே காட்டும். அந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்ற எங்களிடம் இருப்பது நீங்கள் எழுதும் பதில் ஒன்றுதான். பச்சை குத்தியவருக்கு 12 மாதக் கெடு வைத்திருப்பது அவருடைய ஒழுக்கத்தைச் சந்தேகித்து அல்ல. அந்த ஊசியும் மையும் யார் யாரைத் தொட்டன என்பதை நாங்கள் அறிய முடியாது என்பதால்தான்.

நீங்கள் கொடுக்கும் ஒரு பை ஒருவருக்கே போகும் என்றும் எண்ண வேண்டாம். சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று மூன்றாகப் பிரிந்து மூன்று உடல்களுக்குப் போகலாம். சிவப்பணு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு வாழும் தலசீமியாக் குழந்தைக்குப் போகலாம். தட்டணு, புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தி முழுவதையும் இழந்திருக்கும் நோயாளிக்குப் போகலாம். படிவத்தில் மறைத்த ஒரு சொல்லின் விலையைக் கொடுக்கப்போகிறவர்கள் இவர்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பதை 1998 ஜனவரி முதல் உச்ச நீதிமன்றம் இந்நாட்டில் நிறுத்தியதற்கு முக்கியமான காரணம், காசுக்காக வருகிறவர் உண்மையை மறைக்க வேண்டியிருக்கும் என்பதே. பெருமைக்காகவும் நண்பர்கள் முன்னால் தலைகுனியக் கூடாது என்பதற்காகவும் மறைப்பவர், நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், காசுக்காக வருகிறவரிடமிருந்து வேறுபட்டவர் இல்லை.

ஏற்கெனவே மறைத்துக் கொடுத்துவிட்டு மனம் உறுத்திக்கொண்டிருக்கிறவர் யாராவது இதைப் படித்தால், சான்றிதழில் இருக்கும் ரத்த மைய எண்ணை இப்போதே அழைத்து, “இந்தத் தேதியில் நான் கொடுத்ததைப் பயன்படுத்த வேண்டாம்” என்று சொல்லுங்கள். கொடையாளர் எண்ணைச் சொன்னால் போதும். தட்டணுக்கள் ஐந்து நாளுக்குள் பயன்படுத்தப்பட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அந்த மாணவருடைய கெடு முடிந்ததும் அவரே தேடி வந்து கொடுத்தார். ஆனால் அவரைப் போல் முழுக்கைச் சட்டையோடு வந்து, என் கண்ணில் படாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி ஒவ்வொரு முகாமிலும் எனக்குள் எழத்தான் செய்கிறது.

பரிசோதனைக்காக ரத்தம் கொடுப்பது

தொற்று இருக்குமோ என்ற அச்சம் இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குச் செல்லுங்கள், அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும்.

தவறான தொலைபேசி எண்ணைத் தருவது

மறுப்பு எப்போதும் முகாமிலேயே வருவதில்லை. கொடுத்த சில நாட்களுக்குப் பிறகு, “ஒருமுறை நேரில் வர முடியுமா?” என்ற அழைப்பாகவும் வரலாம். விளம்பர அழைப்புகளுக்குப் பயந்து பொய்யான எண்ணை எழுதியவருக்கும், புதிய எண் என்று அழைப்பை எடுக்காதவருக்கும், பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேராது.

2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் 2016இல் கொடுத்தபோதே தொற்று தெரியவந்திருந்தும், செய்தி அவரைச் சென்றடையவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் அதை அறிந்ததும், தாம் கொடுத்த ரத்தத்தை நினைத்து, அவரே முன்வந்து தகவல் சொன்னார். பிழை அமைப்பினுடையது, அந்த இளைஞருடையது அல்ல. ஆனாலும் அந்தச் சங்கிலியில் நம் கையில் இருக்கும் கண்ணி தொலைபேசி எண் என்பதால் அதைச் சரியாக எழுதிக் கொடுங்கள்.

அழைப்பு வந்தால் முதல் சோதனையை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், மருத்துவமனையில் உறுதிப்படுத்தும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். நலமாக இருப்பவர்களுக்கும் முதல் சோதனை சில சமயம் தவறாகக் காட்டும். ஹெபடைடிஸ் பி உறுதியானால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனையும் தடுப்பூசியும் ஏற்பாடு செய்வதுதான் முதல் வேலை. ஒரே தட்டில் உண்பதால் அது பரவாது.

எல்லா மறுப்பையும் தன் குறையாக எண்ணுவது

சில மறுப்புகள் கொடுப்பவரைக் காப்பவை. இன்சுலின் போட்டுக்கொள்பவரும் இதய நோயாளியும் இந்த வகையில் வருவார்கள். சில, பெறுபவரைக் காப்பவை. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. 2017இல் வந்த தேசிய வழிகாட்டுதல், திருநங்கைகளையும் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களையும் தனித்தனியாக விசாரிக்காமல் ஒட்டுமொத்தமாக நிரந்தர விலக்கில் வைத்தது. இதை எதிர்த்து 2021இல் மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கை ஒருவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அதே 2021இல் பிரிட்டனும் 2023இல் அமெரிக்காவும் ஒவ்வொருவரின் அண்மைக்கால நடத்தையை மட்டும் கேட்கும் முறைக்கு மாறிவிட்டன. இந்த வகையில் திருப்பி அனுப்பப்படுகிறவரின் ரத்தத்தை யாரும் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை என்பதால், அதை அவர் தம் உடலைப் பற்றிய கணிப்பாகக் கொள்ளத் தேவையே இல்லை. விதி இருக்கும் வரை மறைத்துக் கொடுக்கச் சொல்ல என்னால் முடியாது; விதியை மாற்றச் சொல்லிக் கேட்பதில் அவரோடு நிற்பேன்.

திரும்பி வருகிற நண்பரிடம் காரணம் கேட்பது

கேட்காதீர்கள்.

முகாமை விட்டே விலகிவிடுவது

நிரந்தரமாகக் கொடுக்க முடியாது என்று தெரிந்ததும் பலர் எங்கள் குழுவின் பக்கமே வராமல் போய்விடுகிறார்கள். ஒரு முகாமில் ஊசி குத்தும் வேலையைவிட, வந்தவரை வரவேற்று உட்கார வைப்பதும், முதல்முறை கொடுப்பவரின் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பதும், 90 நாளும் 120 நாளும் முடிந்தவர்களை நினைவூட்டி அழைப்பதும்தான் அதிகம். எங்கள் குழுவில் அவசரத் தேவைக்குத் தட்டணுக் கொடையாளர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பை ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவர்தான் பார்க்கிறார். மறுக்கப்பட்டவர்களிடம் நாங்கள் பேசுவதைவிட அவர் பேசினால் அவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

பால் கொடுக்கும் தாய் என்பதால் திருப்பி அனுப்பப்பட்ட பெண், அரசு மருத்துவமனைகளில் இயங்கும் தாய்ப்பால் வங்கியைப் பற்றி விசாரிக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பால் போகிறது. இன்சுலினால் விலக்கப்பட்டவரும் ரத்த அழுத்தத்தால் விலக்கப்பட்டவரும் கண் தானத்துக்குத் தடையற்றவர்கள். கண்ணாடி அணிந்தவர்களும் கொடுக்கலாம். இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும், அப்போது கையெழுத்திடப் போகிறவர்கள் வீட்டார் என்பதால், உறுதிமொழி அட்டையை உங்கள் பணப்பையில் வைத்திருப்பதோடு நிறுத்தாமல் வீட்டில் உள்ளவர்களிடமும் இன்றே சொல்லி வையுங்கள்.