பிசிறு எடுத்த ஜாப்பைக் கழுவும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் எங்கள் கோவை பட்டறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள், வைப்ரோவிலிருந்து (கற்களோடு போட்டு அதிரவைத்துப் பிசிறு எடுக்கும் இயந்திரம்) எடுத்த ஜாப்களை, அதாவது உலோகப் பாகங்களை, டிரேயில் அடுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் போனேன். கையுறை போடு, வெறுங்கையால் தொடாதே என்று சொல்லித்தர எல்லா இடத்திலும் ஆள் உண்டு. மற்றதைச் சொல்கிறேன்.

ஈரம் காய விடுவது

இன்றைக்கும் எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். வைப்ரோவிலிருந்து வரும் ஜாப் மேல் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருக்கும். செராமிக் கல் தேய்ந்த பொடி, இரும்புத் துகள், காம்பவுண்ட் (வைப்ரோவில் சேர்க்கும் சோப்பு மாதிரி மருந்து) எல்லாம் கலந்த சேறு. ஈரமாக இருக்கும்வரை தண்ணீரோடு ஓடிவிடும். காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

ஒரு சனிக்கிழமை மாலை ஹைட்ராலிக் வால்வு பாடி 400 உருப்படி எடுத்தோம். 3 மி.மீ. எண்ணெய்த் துளைகள் உள்ளுக்குள் ஒன்றையொன்று குறுக்கே சந்திக்கும் ஜாப். "திங்கட்கிழமை கழுவிக்கலாம்" என்று ஷட்டரை இறக்கினேன். திங்கட்கிழமை டார்ச் அடித்துப் பார்த்தால், துளைகள் சந்திக்கும் மூலையெல்லாம் சாம்பல் பூச்சு. அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலி அலையால் அழுக்கைக் கழற்றும் தொட்டி) மூன்று முறை போட்டும் அசையவில்லை. கம்பி விட்டுக் குத்தினோம். ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் உருளை) ஓடும் துளையில் கீறல் விழுந்தது. கீறல் வழியே எண்ணெய் கசியும், அப்புறம் அந்த வால்வு எதற்கும் ஆகாது. மொத்த லாட்டும் திரும்பி வந்தது.

வைப்ரோவிலிருந்து நேராகத் தொட்டிக்குப் போகட்டும். கொஞ்சம் தாமதமாகும் என்றால், துரு தடுக்கும் மருந்து கலந்த தண்ணீரில் முழுக வையுங்கள். அதுவும் அந்த ஷிஃப்ட் முடியும்வரைதான். கழுவ ஆள் இல்லாத நாளில் வைப்ரோவை ஓட்டவே வேண்டாம்.

கழுவும் முன் ஏர் கன்

அடி மூடிய துளைக்குள் துகள் இன்னும் இறுகும். கண்ணிலும் தெறிக்கும்.

இரும்புக்கு வைத்த கெமிக்கலில் அலுமினியம்

காஸ்டிக் சேர்ந்ததாக இருந்தால் அரித்துக் கருத்துவிடும்.

கூடையைக் கொட்டி நிரப்புவது

அல்ட்ராசோனிக் தொட்டியில் ஜாப் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் நடுவில் இருப்பது நனையும், அவ்வளவுதான். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டு வெட்டிக் கூடை நடுவே தொங்கவிடுங்கள். ஒலி அலை அங்கே எட்டினால் ஒரு நிமிடத்தில் ஊசி குத்தினாற்போல் பொத்தல் விழ வேண்டும். விழவில்லையா, கூடையில் பாதியைக் குறையுங்கள்.

வெளிப்பக்கம் பளபளத்தால் போதும் என்று பேக் பண்ணுவது

சிரிஞ்சில் சுத்தமான தண்ணீர் எடுத்துத் துளைக்குள் பீய்ச்சி, மறுபக்கம் வெள்ளை ஃபில்டர் தாளில் பிடியுங்கள். தாளில் சாம்பல் நிறம் தெரிந்தால் கூடை முழுவதும் திரும்பத் தொட்டிக்குப் போக வேண்டும்.