1943 லீ-என்ஃபீல்டில் நாமே நிரப்பிய தோட்டாவைச் சோதிக்கும் முறை

என் துப்பாக்கியின் இடப்பக்க இரும்பில் 'லாங் பிராஞ்ச் 1943' என்று பொறித்திருக்கிறது. லீ-என்ஃபீல்டு நம்பர் 4, மார்க் 1 ஸ்டார் என்ற பழைய ராணுவத் துப்பாக்கி. அதைச் செய்த ஆலை இருந்த இடம் நான் வசிக்கும் கனடாவின் மிசிசாகாவில்தான், ஏரிக்கரைச் சாலையில். ஆலையின் பரிசோதனைக் கட்டடம் மட்டும் இன்று கலைக்கூடமாக நிற்கிறது. கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் தொழில் பழகியவன் நான். ஆயுதப்படைக் காவலராக இருந்த என் அப்பா தோளில் சுமந்ததும் இதே த்ரீ நாட் த்ரீ (.303) வகைதான், இச்சாப்பூர் துப்பாக்கி ஆலையில் செய்தது. அதனால் உரிமம் கைக்கு வந்ததும் வேறு எந்தத் துப்பாக்கியையும் நான் தேடவில்லை.

கனடாவில் துப்பாக்கி உரிமம் உள்ளவர் சொந்த உபயோகத்துக்குப் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா நிரப்பிக்கொள்ளலாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எந்த நாட்டில் இருந்தாலும் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். இன்னொன்று: எத்தனை கிரெய்ன் (சிறு எடை அலகு) மருந்து போட வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த எண்ணை மருந்து நிறுவனமோ குண்டு நிறுவனமோ வெளியிட்ட கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். என் துப்பாக்கிக்குப் பொருந்திய அளவு உங்கள் துப்பாக்கிக்கு அதிகமாக இருக்கலாம். ஒரே '4895' எண்ணில் இரண்டு வெவ்வேறு பெயர்களில் மருந்து விற்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. டப்பாவில் உள்ள முழுப் பெயரும் கையேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

தோட்டாவைத் தொடுமுன் துப்பாக்கியைச் சோதியுங்கள். .303 தோட்டா, அடியிலுள்ள விளிம்பைப் பிடித்து அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி) நிற்கும் வகை. போல்ட்டின் (அறையைப் பின்னாலிருந்து பூட்டும் உருளை) முகத்துக்கும் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 0.074-ஐ எட்டக்கூடாது என்பது ராணுவ அளவு. இதற்கென்று எஃகு கேஜ்கள் (அளவுக் கட்டைகள்) கிடைக்கின்றன. 0.064 கேஜ் மேல் போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜ் மேல் மூடக்கூடாது. மூடினால் சுடாதீர்கள். நம்பர் 4-இல் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வரும்; 0 முதல் 3 வரை எண் பொறித்த தலைகளை மாற்றி இடைவெளியைச் சரிசெய்யலாம். குழல் தேய்மானம், துரு, தோட்டா அறையில் கீறல் இவற்றையும் அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இடைவெளி அளவுக்குள் இருந்தாலும் வேலை முடியவில்லை. என் துப்பாக்கியில் அது 0.070 அங்குலம். நான் வாங்கிய புதுக் கூடுகளின் விளிம்பு 0.058. ஆக ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு காலி இடம். பட்டறையில் இந்த அளவு ஆட்டம் உள்ள பொருத்தத்தை எந்த மேஸ்திரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது கூட்டின் முன்பகுதி ஊதி அறைச் சுவரைக் கவ்விக்கொள்கிறது. அடிப்பகுதியோ போல்ட்டில் மோதும்வரை பின்னால் நகர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, அடித்தடிப்புக்குச் சற்று மேலே, பித்தளை இழுபட்டு மெலிகிறது. போர்க்களத்துச் சேறும் மணலும் அறைக்குள் போனாலும் தோட்டா நுழைய வேண்டும் என்று அறையைத் தாராளமாகக் கடைந்திருக்கிறார்கள். போல்ட்டைப் பூட்டும் காதுகளும் பின்னால் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இழுப்பைக் கூட்டுகின்றன.

முதல் ஆண்டில் இது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கூட்டை அச்சில் (சுட்டு விரிந்த கூட்டைச் சுருக்கும் கருவி) முழுதாக அழுத்தி, புதுக் கூட்டின் அளவுக்கே கொண்டுவந்து நிரப்பினேன். நான்காம் முறை சுட்டுவிட்டுப் போல்ட்டை இழுத்தபோது கையில் வந்தது கூட்டின் அடிப்பாதி மட்டும், சுண்டுவிரல் முதல் கணு உயரத்துக்கு. மேல்பாதி அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. உடைந்த விளிம்பைச் சுற்றி அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளி போன்ற பளபளப்பு, அதற்குக் கீழே புகைக்கருப்பு. கண்ணாடி அணிந்திருந்தேன், எதுவும் ஆகவில்லை. அந்தத் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு காரியங்களை விடாமல் செய்கிறேன். புதுக் கூட்டை முதல்முறை சுடும்போது, விளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை இறுக்கமாக மாட்டுகிறேன். அது கூட்டைப் பின்னால் தள்ளிப் போல்ட்டோடு ஒட்ட வைக்கிறது. பித்தளை அடியில் இழுபடாமல் தோளில் (கூடு கழுத்தாகக் குறுகும் சரிவு) முன்னோக்கி விரிகிறது. இரண்டாவதாக, அப்படி விரிந்த கூட்டின் கழுத்தை மட்டுமே பிறகு அச்சில் சுருக்குகிறேன். தோளைத் தொடுவதில்லை. அடுத்த முறை தோட்டா விளிம்பில் தொங்காமல் தோளில் உட்காருகிறது. இந்தக் கூடுகளை வேறு .303-இல் போடக்கூடாது, அவை இந்த அறைக்கு வார்த்தவை.

நிரப்பும்முன் ஒவ்வொரு கூட்டுக்கும் கம்பிச் சோதனை உண்டு. காகிதம் பிடிக்கும் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கால் அங்குலம் மடக்கி, கூர்மையாக அராவிக்கொள்ளுங்கள். கூட்டுக்குள் விட்டு, அடியைத் தொட்டபின் சுவரோடு உரசியபடி மெல்ல மேலே இழுங்கள். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில், அடியிலிருந்து சிறிது உயரத்தில், நகம் பழைய எல்.பி. இசைத்தட்டின் கோட்டில் மாட்டுவதுபோல ஒரு 'டிக்' கையில் தெரியும். அந்தக் கூட்டின் வாயை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நசுக்காவிட்டால் அது மறுபடியும் பெட்டிக்குள் வந்துவிடும். கூட்டின் நீளம் 2.222 அங்குலத்தைத் தாண்டினாலும் வெட்டிக் குறைக்க வேண்டும்.

குண்டைத் தேர்ந்தெடுக்கக் குழலை அளக்க வேண்டும். எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈயக்கட்டியைக் குழல் வழியே தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் பாருங்கள். போர்க்கால லாங் பிராஞ்ச் குழல்கள் சிலவற்றில் குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் இரண்டே, அளப்பது சுலபம். ஐந்து பள்ளம் உள்ளதை அளக்க V வடிவ அடி உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். குண்டின் விட்டம் பொதுவாக 0.311 அல்லது 0.312. தேய்ந்த குழலுக்குத் தட்டை அடிக் குண்டு நன்றாக அடைக்கிறது என்பது என் அனுபவம். 1910-இல் வந்த மார்க் 7 ராணுவத் தோட்டாவின் 174 கிரெய்ன் குண்டும் தட்டை அடிதான். அதே எடையில் தொடங்குங்கள்.

கையேட்டின் தொடக்க அளவில் ஐந்து தோட்டா, பிறகு அரை கிரெய்ன் கூட்டி ஐந்து, இப்படி நான்கு படிகள் போதும். உச்ச அளவுவரை போக வேண்டியதில்லை. கூடு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டு, மொத்த நீளம் எதுவும் மாறக்கூடாது. மருந்தின் அளவு மட்டும் மாற வேண்டும். மருந்து போட்டபின் கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் வாயிலும் எட்டிப் பாருங்கள். காலியாக ஒன்று, இருமடங்காக ஒன்று: இரண்டும் ஆபத்து. அதன் பிறகுதான் குண்டை அழுத்த வேண்டும்.

சுடுகளத்தில் கண்ணாடியும் காதுறையும் கட்டாயம். கீழ்ப்படியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் முதல் தோட்டாவைச் சுட்டதும் நின்று கூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சத்தம் மந்தமாக, உதைப்பு இல்லாமல் போனால் அடுத்ததைப் போடவே கூடாது. குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தட்டியும் வெடிக்காவிட்டால் முனையை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்து பிறகு திறங்கள்.

நவீனத் துப்பாக்கிக்குச் சொல்லும் அழுத்த அடையாளங்களை இங்கே முழுதாக நம்பாதீர்கள். பிரைமர் தட்டையாகும்வரை ஏற்றலாம் என்பார்கள். .303-க்கு அமெரிக்கத் தர அமைப்பு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு (பிஎஸ்ஐ). பல நவீனத் தோட்டாக்கள் 60,000-க்கு மேல் போகின்றன. நவீன அழுத்தத்தைத் தாங்கும் பிரைமர் தட்டையாகும் நேரத்தில் இந்தப் பழைய போல்ட் தன் எல்லையை எப்போதோ கடந்திருக்கும். கூட்டின் அடியில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் பாகம்) பதிக்கும் பளபளப்பான வட்டத்தைத் தேடுவதும் வீண்; லீ-என்ஃபீல்டில் அந்த வகை எஜெக்டரே இல்லை. போல்ட் தூக்கக் கொஞ்சம் கனத்தாலும் அன்றைய சோதனை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாறாக, கீழ்ப்படியில் பிரைமர் சற்று வெளியே துருத்தி நின்றால் பயப்பட வேண்டாம். குறைந்த அழுத்தத்தில் கூடு பின்னால் வராமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தத் துருத்தல் உங்கள் இடைவெளியின் அளவைத்தான் காட்டுகிறது.

நான் நம்புவது குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை. கையேடு சொல்லும் வேகத்தை நீங்கள் குறைந்த மருந்திலேயே எட்டிவிட்டால் அழுத்தமும் அங்கே வந்துவிட்டது என்று பொருள். மார்க் 7-இன் வேகம் விநாடிக்கு 2,440 அடி; அதைத் தாண்ட இந்தத் துப்பாக்கியில் எந்தக் காரணமும் இல்லை. தோட்டாவை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள், மழையில் நனைய விடாதீர்கள். வழுக்கும் கூடு அறைச் சுவரைப் பிடிக்காமல் முழு உதையையும் போல்ட்டின் மேல் இறக்கும். வெயிலிலும் வைக்காதீர்கள், சூடான மருந்து வேகமாக எரியும். ஏப்ரல் குளிரில் சோதித்த அளவை ஜூலையில் மறுபடியும் அளக்கிறேன்.

இலக்கு 100 யார்டு. மூன்று தோட்டா போட்டு முடிவு செய்யாதீர்கள், ஐந்தாவது தோட்டாதான் பல முறை கதையை மாற்றும். ஒவ்வொரு ஐந்துக்கும் இடையில் குழல் கைதாங்கும் சூட்டுக்கு ஆறட்டும். என் பின்காட்சி (குறிபார்க்கும் பின்துளை) 300, 600 யார்டுக்கு மடக்கும் வகை. அதில் 100 யார்டில் குண்டு குறிக்கு மேலே விழும். விழும் இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல், ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள். எல்லாப் படியும் சிதறினால் மருந்தைக் குறைசொல்லுமுன் மரத்தைப் பாருங்கள். குழலின் முனையை முன்கட்டையிலிருந்து மேலே தூக்கி விட்டால் சில பவுண்டு விசையோடு திரும்பி மரத்தில் உட்கார வேண்டும். என் துப்பாக்கியில் கட்டை காய்ந்து சுருங்கி அந்த விசை போயிருந்தது. முன்கட்டையைச் சரிசெய்தபின் ஐந்து அங்குலச் சிதறல் இரண்டரைக்கு வந்தது, மருந்தில் ஒரு கிரெய்னும் மாற்றாமல்.

எனக்குப் பொருந்தியது இரண்டாவது படி. அதற்கு மேல் நான் போகவில்லை. அதே அளவில் இருபது கூடுகளைத் தனிப் பெட்டியில் வைத்து, மூடியில் சுட்ட தேதிகளையும் அன்றைய வெப்பநிலையையும் பென்சிலால் எழுதிவருகிறேன். இப்போது ஏழு தேதிகள் இருக்கின்றன. நேற்றிரவு கம்பியை விட்டுப் பார்த்தபோது பதினெட்டு வழுக்கிக்கொண்டு வந்தன. இரண்டில் லேசாக மாட்டியது. அந்த இரண்டின் வாயையும் நசுக்கிவிட்டேன்.