பரணில் ஏற்றாத அவசரத் தயாரிப்பு

அவசரகாலப் பெட்டி ஒன்றைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டால் இரண்டு வருடம் கழித்து அது எப்படி இருக்கும்? டார்ச்சுக்குள் பேட்டரி ஒழுகி ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். மாத்திரைகள் காலாவதியாகியிருக்கும். பவர் பேங்க் ஏறாது. தினமும் கைபடாத பொருள் கெடுவதை யாரும் கவனிப்பதில்லை. அதனால் இங்கே சொல்லும் முறை வேறு. வீட்டில் அன்றாடம் புழங்குவதையே கொஞ்சம் கூடுதலாக வைத்து, பழையதை முதலில் எடுத்துத் தீர்க்க வேண்டும். தனியாக ஒதுக்கி வைக்க வேண்டியவை மிகச் சில.

தண்ணீர்

முதல் வேலை இதுதான். மற்றதெல்லாம் பிறகு.

குடிக்க, சமைக்க, கை வாய் கழுவ ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். குறைந்தது 3 நாளுக்கு வேண்டும். இடமிருந்தால் 14 நாளுக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது 48 லிட்டர் அல்லது 224 லிட்டர். கழிவறைத் தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. அதற்குத் துவைத்த தண்ணீரை வாளியில் பிடித்து வைக்கும் பழக்கம் போதும்.

கேன் வாங்கும்போது எடையை யோசியுங்கள். 20 லிட்டர் கேன் நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல். வீட்டில் வயதானவர் மட்டும் இருக்கும் நாளில் அதை யார் தூக்குவது? அடியில் குழாய் வைத்த 10 லிட்டர் கேன்களே நல்லது. பால், பழச்சாறு வந்த பாட்டில்கள் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக்கில் எச்சம் தங்கி, கிருமி வளர இடம் கொடுக்கும்.

கேனை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி (5 மி.லி.) வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் திரவத்தைக் கலந்து, கேனுக்குள் ஊற்றி, உட்புறம் முழுக்கப் படும்படி குலுக்குங்கள். 30 விநாடி கழித்துக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அலசி நிரப்புங்கள். மூடும்போது மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். மூடியில் தேதி எழுதி, வெயில் படாத இடத்தில் வரிசையாக அடுக்குங்கள்.

இனி அன்றாடக் குடிநீரை அந்த வரிசையின் வலது ஓரக் கேனிலிருந்தே எடுங்கள். தீர்ந்ததும் நிரப்பி இடது ஓரத்தில் வைத்து, மற்றவற்றை நகர்த்துங்கள். தொடாமல் வைத்திருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய தண்ணீர், இப்படிச் செய்தால் சில வாரங்களுக்கு மேல் பழசாகாது.

இருப்பு தீர்ந்து வேறு தண்ணீரை நம்ப வேண்டிவந்தால், தெளியவிட்டுத் துணியில் வடிகட்டி, கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் வையுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் 3 நிமிடம். அடுப்பு இல்லையென்றால் 5 முதல் 9 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள ப்ளீச், லிட்டருக்கு 2 சொட்டு. கலங்கல் போகவில்லை என்றால் 4 சொட்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் சொட்டுக்குழாயால் அளந்து, கலக்கி, 30 நிமிடம் விடுங்கள். லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லை என்றால் அதே அளவை மீண்டும் சேர்த்து இன்னும் 15 நிமிடம் பொறுங்கள். ப்ளீச்சும் வைக்க வைக்க வீரியம் இழக்கும். ஓராண்டு தாண்டிய பாட்டிலைக் குடிநீருக்கு நம்பாதீர்கள். பெட்ரோலோ பூச்சிமருந்தோ கலந்த தண்ணீருக்கு இந்த இரண்டு வழியும் உதவாது. கொதிக்க வைத்தாலும் ரசாயனம் முழுதாக நீங்காது.

அலமாரி

ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 30 கிராம் என்று வைத்தால் ஏறக்குறைய 1,900 கிலோகலோரி வரும். நான்கு பேருக்கு 14 நாளுக்குத் தானியம் 22.4 கிலோ, பருப்பு சுமார் 3.4 கிலோ, எண்ணெய் சுமார் 1.7 கிலோ. வீட்டில் சாப்பிடாத ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி அடுக்காதீர்கள். அது சுழலாது, கெட்டுத்தான் போகும்.

ஒரே நாளில் மூட்டையாக வாங்கவும் வேண்டாம். வாரம் ஒரு பொருள் கூடுதலாக வாங்கினால் சில மாதத்தில் அளவு நிறைந்துவிடும். அதன்பின் ஒரே விதி: கடைசிக்கு முந்தைய பொட்டலம் பிரியும்போதே வாங்கும் பட்டியலில் எழுதுங்கள். புதியது பின்னால், பழையது முன்னால்.

வண்டு தொல்லைக்கு மருந்து தேட வேண்டாம். தானியத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) 4 நாள் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தானியத்தின்மேல் ஈரம் படியும், பூஞ்சை பிடிக்கும்.

எரிபொருளைச் சிக்கனப்படுத்தப் பருப்பை இரவே ஊறவைக்கலாம். தானியத்தைக் கொதிவந்து 10 நிமிடத்தில் இறக்கி, மூடியைத் திறக்காமல் தடித்த கம்பளியில் சுற்றி வைத்தால் தன் சூட்டிலேயே வெந்துகொள்ளும். முதல் நாளுக்கு மட்டும் அடுப்பே தேவைப்படாத உணவு கொஞ்சம் இருக்கட்டும்.

விளக்கும் மின்சாரமும்

பவர் பேங்கில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதை 5 வோல்ட்டாக ஏற்றித் தரும்போது, இழப்பு போக, கையில் கிடைப்பது 6,000 முதல் 6,500 வரைதான். 5,000 கொள்ளளவு உள்ள போனை ஒன்றேகால் முறை ஏற்றலாம். வாரம் ஒருநாள் போனை அதிலிருந்தே ஏற்றிவிட்டு, பவர் பேங்கைச் செருகி வையுங்கள். அது செத்தால் அன்றே தெரிந்துவிடும்.

இன்வெர்ட்டருக்கும் இதே மாதிரிக் கணக்கு உண்டு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 900. மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக 750. 9 வாட் விளக்கு நான்கும் 75 வாட் விசிறி இரண்டும் ஓடினால் 4 மணி நேரம். 30 வாட் விசிறியாக மாற்றினால் கிட்டத்தட்ட 8 மணி நேரம். இரண்டாவது பேட்டரி வாங்குமுன் விசிறியைப் பாருங்கள். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரின் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

டார்ச்சை இரவு கதவு பூட்டப் போகும்போது விளக்குப் போடாமல் எடுத்துப் போங்கள். அதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. மெழுகுவர்த்தியை விட்டுவிடுங்கள், இருட்டோடு தீயும் சேர்ந்துகொள்ளும். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, சன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி ஓட வேண்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கரி அடுப்பை அறைக்குள் மூட்டுவதும் அதே ஆபத்துதான்.

மருந்து, தீ, தாள்கள்

தினசரி மருந்து எப்போதும் 7 நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும்; புது அட்டை வந்ததும் பழையதை முதலில். வயிற்றுப்போக்குக்குக் கடைப் பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் கூடாது. வாயு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து வெளியேறுங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிட கனமானது, தரையோடு தேங்கும்.

அடையாள அட்டை, சொத்து, காப்பீட்டு நகல்கள் நீர் புகாத உறையில் வாசல் பக்கம் இருக்கட்டும். தொலைபேசி எண்களைத் தாளில் எழுதுங்கள். போன் அணைந்தபின் எத்தனை எண் மனப்பாடம் என்று யோசித்துப் பாருங்கள்.

மாதம் ஒரு மாலை

மாதத்தில் ஒருநாள், மாலை 6 மணிக்கு மெயின் ஸ்விட்சை இறக்கி, குழாயையும் திறக்காமல் 3 மணி நேரம் சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருக்கும் வீட்டில் மெயினைத் தொடாமல் மற்றதைச் செய்யலாம். டின் திறப்பான் இல்லை, தீப்பெட்டி நமத்துவிட்டது, கேன் குழாய் சொட்டுகிறது என்று ஏதாவது ஒன்று கட்டாயம் மாட்டும். அதை மறுநாளே சரிசெய்யுங்கள். ஃபிரிட்ஜைப் பற்றிப் பயம் வேண்டாம். கதவைத் திறக்காதவரை 4 மணி நேரம் குளிர் தாங்கும், நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். நீங்கள் ஊரில் இல்லாதபோது மின்சாரம் போய்வந்ததா என்று அறிய, ஒரு கிண்ணத் தண்ணீரை உறையவிட்டு மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், பெட்டியில் இருப்பதை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.