பொடி வியாபாரம் தொடங்குமுன் நான் ஏறிய படிகள்

வீட்டில் அரைத்த இட்லிப் பொடியைக் கடைக்குக் கொடுக்கலாம் என்று கிளம்பியபோது முதலில் ஏமாந்தது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவில்தான். ஒரு புரோக்கர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம். ஆதார், பான், ஆதாரோடு இணைந்த செல்போன் போதும், கட்டணம் என்று கேட்டாலே அது வேறு ஆளின் தளம்.

உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் வேண்டும். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எண் வருவதற்குள் கவர் அச்சடித்துவிடாதீர்கள். என் பரணில் இன்னும் இரண்டு கட்டு கிடக்கிறது.

கடனுக்கு நேரே வங்கிக்குப் போகாமல் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிஎம்இஜிபி என்ற, சுயதொழிலுக்கு மானியத்தோடு கடன் தரும் மத்திய அரசுத் திட்டத்தில் பெண்களுக்குக் கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம். மிஷினுக்கு விலைப்புள்ளி வாங்கிக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் குறையும். மானியம் உடனே கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியிலேயே இருக்கும். தவணைக் கணக்கை அதை நம்பிப் போடாதீர்கள்.

அப்புறம், தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமில் உணவுப் பதப்படுத்தலுக்குப் பயிற்சி உண்டு. பொடி ஏன் கட்டிதட்டுகிறது என்று ஈரப்பதக் கணக்கோடு புரிந்துகொள்ள அதுமாதிரி இடம்தான் சரி.