இன்ஜினியரிங் சேர்ந்தாச்சு, எந்த லேப்டாப் வாங்குவது?

கவுன்சிலிங்கில் சீட் கிடைத்த வாரமே லேப்டாப் கடைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் அதிகம். அவ்வளவு அவசரம் தேவையில்லை. முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல்தான் பெரும்பகுதி. சி, பைத்தான் நிரல்களுக்கு எந்தச் சாதாரணக் கணினியும் போதும். கல்லூரி லேபிலேயே முடித்துவிடலாம். இன்ஜினியரிங் கிராபிக்ஸைப் பல கல்லூரிகளில் இன்னும் டிராஃப்டர் வைத்துத் தாளில்தான் வரைகிறார்கள். கனமான மென்பொருள் பெரும்பாலும் மூன்றாம் செமஸ்டரில்தான் எட்டிப் பார்க்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ பிரிவுக்காரர்களைத் தவிர மற்றவர்கள் ஒரு செமஸ்டர் பொறுத்திருந்து, "லேபில் என்ன சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன்?" என்று சீனியர்களைக் கேட்டுவிட்டு வாங்கலாம். தீபாவளித் தள்ளுபடியும் அதற்குள் வந்துவிடும்.

பிரிவுக்கு ஏற்ற மெஷின்

மெக்கானிக்கல் என்றால் சாலிட்வொர்க்ஸ், கிரியோ, கேட்டியா, ஆன்சிஸ். சிவில் என்றால் ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் புரோ, ஈடேப்ஸ். இவற்றில் ஆட்டோகேடுக்கு மட்டும் மேக் பதிப்பு உண்டு. மற்றவற்றை நேரடியாக மேக்கில் போட முடியாது. ஆகவே இந்த இரண்டு பிரிவுக்கும் மேக்புக் சரிவராது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பையும் தவிர்த்துவிடுங்கள். பேட்டரி நன்றாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இன்டெல், ஏஎம்டி சிப்புக்கென எழுதிய பொறியியல் மென்பொருளும் டிரைவர்களும் அதில் எப்போது மக்கர் செய்யும் என்று சொல்ல முடியாது.

சிவில் மாணவருக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். ஸ்டாட், ஈடேப்ஸ் இரண்டும் கணக்குப் போடுவது பிராசஸரில். ரெவிட்டுக்கு வேகமான பிராசஸரும் தாராளமான ரேமும் வேண்டும். லூமியன், ட்வின்மோஷன் போன்றவற்றில் கட்டடத்தைப் படமாக்கும் வேலை இருந்தால்தான் தனி கார்டு அவசியம். மெக்கானிக்கலில் நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட அசெம்பிளியைத் திரையில் சுழற்றும்போது கார்டு உதவும். அதற்கு 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போதும்.

இசிஇ மாணவர்கள் சேமிப்பிடத்தைக் கவனிக்க வேண்டும். சிப் வடிவமைப்பு மென்பொருளான விவாடோவை எல்லாச் சிப் குடும்பங்களோடும் நிறுவினால் 100 ஜிபியைத் தாண்டும். லேபில் இருக்கும் போர்டின் குடும்பத்தை மட்டும் டிக் செய்தால் அளவு வெகுவாகக் குறையும். அர்டுயினோ, எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே மாற்றியமைக்கும் சிப்) போர்டுகள் பெரும்பாலும் பழைய அகல யுஎஸ்பி கேபிளோடுதான் வரும். டைப்-சி துளை மட்டுமே உள்ள மெல்லிய மாடலை வாங்கினால் ஹப் ஒன்றைப் பையில் சுமந்தே திரிய வேண்டும். ட்ரிபிள்இ-க்கு மேட்லேப், சிமுலிங்க்தான் முக்கியம். 16 ஜிபி ரேம் இருந்தால் தனி கார்டு இல்லாமலே ஓடும்.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, டாக்கர், விர்ச்சுவல் மெஷின் எல்லாமே ரேமைத் தின்பவை. மேக்புக் ஏர் இவர்களுக்குப் பொருந்தும். 2024 அக்டோபரிலிருந்து அதன் அடிப்படை மாடலே 16 ஜிபியில் வருகிறது. பின்னால் கூட்ட வழியில்லை. ஏஐ படிப்பவர்கள் கார்டு வாங்குவதானால் என்விடியாவே வாங்குங்கள், ஏஐ கணக்குகளைக் கார்டில் ஓட்டும் குடா மென்பொருள் அதில்தான் ஓடும். அங்கே கார்டின் சொந்த நினைவகம்தான் கணக்கு: 4 ஜிபி சீக்கிரம் முட்டிக்கொள்ளும், 6 ஜிபி சமாளிக்கும், 8 ஜிபி நிம்மதி. இரண்டாம் ஆண்டு வரைக்கும் கூகுள் கொலாப், கேகிள் இரண்டும் இணையம் வழியே இலவசமாகத் தரும் ஜிபியுவே (கிராபிக்ஸ் சிப்) போதும் என்பதையும் வீட்டில் பணம் கேட்கும் முன் யோசியுங்கள்.

பிராசஸர் பெயரில் ஒளிந்திருப்பது

ஏஎம்டி சிப் உள்ள மாடலில் 'ரைசன் 5 7000 சீரிஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். முழு எண்ணைப் பாருங்கள். 7000, 8000 வரிசை லேப்டாப் சிப்புகளில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எது என்று சொல்கிறது. 7520யு-வில் மூன்றாவது இலக்கம் 2. 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர் (கணக்குப் போடும் பகுதி). 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். 7640எச்எஸ் என்றால் ஜென் 4. நடுவில் ஓரிரு இலக்கம்தான் மாறியிருக்கிறது, மெஷினே வேறு.

இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'யு' மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும். 'எச்' நீண்ட நேரம் வேகத்தைத் தாங்கும். சிமுலேஷன், ரெண்டரிங் உள்ளவர்களுக்கு எச். ஐ5-12450எச், ஐ5-13420எச் இரண்டிலும் எட்டு கோர். பெரும்பாலான மாணவர்களுக்கு இதுவே தாராளம். 'கோர் 5 120யு' என்று 'ஐ' இல்லாத புதுப் பெயர் கண்டு மயங்க வேண்டாம், உள்ளே இருப்பது 13ஆம் தலைமுறை வடிவமைப்புதான். என்100, என்305 என்று 'என்'னில் தொடங்கினால் அது பிரவுசிங் மெஷின், விட்டுவிடுங்கள்.

ரேம்: அதிகம் ஏமாறும் இடம்

16 ஜிபி வேண்டும். 8 ஜிபியில் விண்டோஸ் 11-உம் பத்து டேப் குரோமும் சேர்ந்தாலே மூச்சு வாங்கும். தனி கார்டு இல்லாத மெஷினில் கிராபிக்ஸும் அதே ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கும்.

"இப்போ 8 வாங்குங்க, அப்புறம் ஏத்திக்கலாம்" என்று விற்பனையாளர் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: போர்டில் பற்றவைத்த ரேமா, காலி ஸ்லாட் இருக்கிறதா? விவரக் குறிப்பில் 'எல்பிடிடிஆர்' என்று இருந்தால் அநேகமாகப் பற்றவைத்ததுதான். பிறகு கழற்றி மாற்ற முடியாது. வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றால் ஸ்லாட் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் சில மாடல்களில் அதையும் பற்றவைத்திருப்பார்கள், தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள்.

இரண்டு 8 ஜிபி குச்சிகள், ஒரே 16 ஜிபி குச்சியைவிட மேல். ஒற்றைக் குச்சியில் தரவு போகும் பாதை பாதியாகிவிடும், உள்ளமைந்த கிராபிக்ஸ் தள்ளாடும். ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ள இன்டெல் மெஷினில் ஒற்றைக் குச்சி போட்டால் விண்டோஸே அதை வெறும் 'யுஎச்டி' என்றுதான் காட்டும். இன்னொரு குச்சி சேர்த்தால் பெயரும் மாறும், வேகமும் ஏறும். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் உட்கார்ந்தபடியே மாற்றிக்கொள்ளலாம். மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்று தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

எஸ்எஸ்டி 512 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை. விண்டோஸில் 476 என்று காட்டினால் பதற வேண்டாம், அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம். இன்னொரு எஸ்எஸ்டி போட இரண்டாவது எம்.2 துளை இருந்தால் மூன்றாம் ஆண்டில் கை கொடுக்கும்.

கிராபிக்ஸ் கார்டில் வாட்

ஒரே ஆர்டிஎக்ஸ் 4050, மெல்லிய மாடலில் 45 வாட்டில் ஓடலாம், தடித்த மாடலில் 100 வாட்டுக்கு மேல் ஓடலாம். பெட்டியில் இந்த எண் அநேகமாக இருக்காது. தயாரிப்பாளரின் தளத்தில் 'டிஜிபி' (கார்டு எடுக்கும் மொத்த வாட்) என்று தேடுங்கள். குறைந்த வாட் 4050-ஐ வாங்குவதைவிட அந்தப் பணத்தில் நல்ல திரையும் 16 ஜிபி ரேமும் வாங்குவது மேல்.

திரை, எடை, பேட்டரி

திரையில் 'ஐபிஎஸ்' (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) என்று இருக்க வேண்டும். பிரகாசம் 300 நிட் இருந்தால் நல்லது. 250 நிட் ஜன்னலோர பெஞ்சில் கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தையே காட்டும். நிறத்தில் '45% என்டிஎஸ்சி' என்றால் மலிவுத் திரை என்று அர்த்தம். கோடிங்குக்கு 1920×1200 திரை, 1920×1080-ஐவிடச் சில வரிகள் கூடுதலாகக் காட்டும்.

பேட்டரிக்கு விளம்பரத்தில் வரும் மணிக்கணக்கை விட்டுவிட்டு வாட்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) பாருங்கள். டைப் செய்யும் வேலையில் லேப்டாப் 8 முதல் 10 வாட் எடுத்தால், 42 வாட்-ஹவர் பேட்டரி நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் தாங்கும். 57-க்கு மேல் இருந்தால் கல்லூரி நாளை ஓட்டலாம். கேமிங் லேப்டாப் 2.3 கிலோ, அதன் சார்ஜர் அரைக் கிலோவுக்கு மேல். தினமும் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு இது முதுகுப் பிரச்சினை. ஹாஸ்டலில் தங்குபவருக்கு அவ்வளவு பெரிய விஷயமில்லை. 65 வாட் டைப்-சி சார்ஜிங் உள்ள மாடலானால் சார்ஜரை மறந்தாலும் நண்பனிடம் வாங்கிச் சமாளிக்கலாம்.

பில் போடும் முன்

ஒரே பெயரில் நாலைந்து வகை இருக்கும். கடைசி எழுத்துகள் வரை மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு தளத்தில் ஒப்பிடுங்கள். விண்டோஸ் உண்டா, விண்டோஸ் இல்லாத 'டாஸ்' மாடலா என்று கேளுங்கள். விலை குறைவாகத் தெரிந்தால் பல நேரம் காரணம் இதுதான். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும், வாரண்டி கேட்கப் போகும்போது அதைத்தான் பார்ப்பார்கள். 'நோ காஸ்ட் இஎம்ஐ'யிலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டியும், பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் உண்டு. மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் திங்க்பேட், லாட்டிட்யூட் போன்ற அலுவலக மாடல்கள் உறுதியானவை. ஆனால் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கடையிலேயே பயாஸை (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) திறந்து பாஸ்வேர்ட் கேட்கிறதா பாருங்கள். பழைய கம்பெனியின் பூட்டு இருந்தால் பின்னால் கழற்றுவது பெரும்பாடு.

வீட்டுக்கு வந்ததும்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ரேம் அளவும், எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். வெள்ளை, கறுப்பு, சிவப்புப் படங்களைத் திரை முழுக்கப் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா பாருங்கள். மாற்றித் தரும் கெடு சில நாட்கள்தான், அதற்குள் எல்லாத் துளைகளையும் சோதித்துவிடுங்கள். உலோக உடலைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால் லேப்டாப்பைக் குறை சொல்லும் முன் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா பாருங்கள்.

எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் மெஷின் என்றால் தயாரிப்பாளரின் ஆப்பில் சார்ஜை 80%-இல் நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். அடியில் காற்று போகாமல் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லினக்ஸையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால், பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 48 இலக்கங்கள் கையில் இல்லாமல் நீலத் திரையில் சாவி கேட்டால், உள்ளே இருக்கும் அசைன்மென்ட் எல்லாம் போனதுதான்.