ஓரக்கல்லில் உரசிய அலாய் வீல்: வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

வண்டியை ஓரம் கட்டும்போது நடைபாதைக் கல்லில் வீல் உரசினால் பெரும்பாலும் கெடுவது அழகு மட்டும்தான். வெளி விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரவென்று கீறல், அங்கங்கே எழும்பி நிற்கும் பிசிறு, அவ்வளவே. ஆனாலும் அப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல. நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் நிறமற்ற காப்புப் படலமான கிளியர் கோட் கிழிந்த இடம் வழியாகத் தண்ணீரும் உப்பும் உள்ளே இறங்கும். அலுமினியத்தில் செந்துரு பிடிக்காது. வெள்ளையாகப் பொடி பூக்கும். அது கீறலோடு நிற்காமல் நல்ல பெயின்டுக்கு அடியிலும் ஊர்ந்து போய் அதை உப்ப வைத்துவிடும்.

இந்த வேலையில் கடினமானது பள்ளத்தை அடைப்பது அல்ல. பழைய பெயின்டும் புதிய பட்டியும் (பள்ளத்தை அடைக்கும் பசை) சேரும் எல்லையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதுதான் கடினம். கீழே வரும் படிகளில் பாதி அந்த எல்லைக்காகத்தான்.

முதலில்: இது வீட்டில் செய்யக்கூடிய வேலையா?

வீலைக் கழற்றி முன்னும் பின்னும் கழுவிவிட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த வீலில் கை வைக்க வேண்டாம். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால், காற்று கசிகிறதா என்று குமிழி காட்டிக்கொடுக்கும். குமிழி வரவில்லை என்பதற்காக விரிசல் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காற்று கசியாத விரிசலும் உண்டு. விரிசலின் மேல் பட்டி பூசினால் ஆபத்து மறையுமே தவிரப் போகாது.

உரசியதற்குப் பிறகு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் ரிம் நெளிந்திருக்கலாம். பாலன்சிங் இயந்திரத்தில் சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டுவது, தீக்காட்டி நிமிர்த்துவது எல்லாம் வேண்டாம். பெரும்பாலான அலாய் வீல்கள் வார்த்து, வெப்பப் பதம் கொடுக்கப்பட்டவை. கணக்கில்லாமல் சூடுகாட்டினால் அந்தப் பதம் போய்விடும். டயரின் பக்கச் சுவரில் புடைப்பு தெரிந்தாலோ, வெட்டு வழியே உள்நூல் தெரிந்தாலோ டயரை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்து, வீலின் மேற்பரப்பு எந்த வகை என்று பாருங்கள். முழுவதும் ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்த வீல்தான் இந்த முறைக்கு ஏற்றது. முகப்பு உலோகமாகவே பளபளத்து, உற்றுப் பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கடைசல் கோடுகள் தெரிந்தால் அது டயமண்ட் கட். அந்தக் கோடுகளைக் கையால் திரும்ப வரவைக்க முடியாது. லேத்தில் மறுபடி கடைய வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் அதையும் சில தடவைக்கு மேல் செய்ய இயலாது. குரோம் முலாம் பூசிய வீலைத் தேய்க்கவே வேண்டாம். முலாம் உரியும், அதன் மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது.

ஆழம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வரை என்றால் தாராளமாகச் செய்யலாம். விளிம்பில் ஒரு துண்டே பெயர்ந்து போயிருந்தால் அங்கே பட்டி நிற்காது.

வாங்க வேண்டியவை

- உப்புத்தாள்: 180, 240, 320, 600, 1000, 2000 நம்பர்களில் இரண்டிரண்டு
- அரைவட்ட அரம், நைஸ் பல் உள்ளது
- அலுமினியத் தூள் கலந்த இரு பாகப் பட்டி, சின்ன டப்பா. பூச ஒரு பிளாஸ்டிக் தகடு
- அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் பிரைமர் (அடிப்பூச்சு), நுண்ணிய பள்ளங்களை நிரப்பும் ஃபில்லர் பிரைமர், வீல் நிறத்தில் பேஸ் கோட், கிளியர் கோட், சோதனைக்குக் கறுப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ப்ரே கேன்
- ஐசோபுரோபைல் ஆல்கஹால் அல்லது பெயின்டுக்கு முன் துடைக்கும் கிளீனர்
- மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், ஒரு கட்டு பழைய விளையாட்டுச் சீட்டு
- நைட்ரைல் கையுறை, கண்ணாடி, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி
- ஜாக்கி, தாங்கு ஸ்டாண்ட், நட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச்

இரும்புக் கம்பிப் பிரஷும் ஸ்டீல் வுல்லும் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே இல்லை. அவற்றிலிருந்து உதிரும் இரும்புத் துகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்துகொண்டு, பெயின்டுக்கு அடியில் துருப்பிடிக்கும்.

கழற்றுதல், கழுவுதல், எண்ணெய்ப் பசை எடுத்தல்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம்தான் ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வீலை மாட்டியபடியே செய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் தெறிக்கும் பெயின்ட் பிரேக் டிஸ்க்கில் படும், கீழ்ப்பாதி விளிம்பு கைக்கு எட்டாது. கழற்றுவதே மேல்.

வீலை ஷாம்பூ போட்டுக் கழுவி நன்றாகக் காயவிட்டு, ஆல்கஹாலால் துடையுங்கள். இரண்டு துணி வேண்டும்: ஒன்று நனைத்துத் துடைக்க, மற்றது ஈரம் காயுமுன் ஒற்றி எடுக்க. தானாகக் காயவிட்டால் கரைந்த பசை அங்கேயே திரும்பப் படிந்துவிடும். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். டயர் பாலிஷில் இருக்கும் சிலிக்கான் ரிம்மிலும் ஒட்டியிருக்கும். தேய்த்த பிறகு துடைத்தால் அது ஏற்கெனவே கீறல்களுக்குள் இறங்கியிருக்கும்.

மறைப்புக் கட்டுதல்

டயரில் காற்றைக் குறைத்து, ரிம் விளிம்புக்கும் டயர் ரப்பருக்கும் நடுவில் சீட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வரிசையாகச் செருகுங்கள். டேப் மட்டும் ஒட்டினால் விளிம்பின் உள்வளைவு வரை பெயின்ட் போகாது. அங்கேதான் பின்னாளில் உரியத் தொடங்கும். சீட்டு ரப்பரை அமுக்கிவிடுவதால் அந்த இடுக்கு திறந்துகொள்ளும்.

நட்டு உட்காரும் குழிகளையும், வீலின் பின்பக்கம் ஹப்போடு ஒட்டும் முகத்தையும் கட்டாயம் மூடுங்கள். அங்கே பெயின்ட் படலம் இருந்தால், முறுக்கிய பிறகு அது நசுங்கி நட்டு தளரும். ரிம்முக்குள் டயர் பீட் (டயரின் தடித்த உள்விளிம்பு) உட்காரும் தடத்திலும் பட்டியோ பெயின்டோ போகக் கூடாது, காற்று கசியும்.

பிசிறு எடுத்துத் தேய்த்தல்

அரத்தை விளிம்பின் வளைவோடு ஓட்டுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள். எழும்பி நிற்கும் பிசிறு மட்டும் போனால் போதும். பள்ளமே மறையும்வரை அராவும் ஆசை எல்லோருக்கும் வரும், வேண்டாம். விளிம்பு அந்த இடத்தில் மட்டும் தட்டையாகிவிடும், பெயின்ட் அடித்த பிறகு தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

பிறகு 180-இல் ஆரம்பித்து 240, 320 என்று போங்கள். கீறலின் இரு பக்கமும் மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை பழைய பெயின்டைச் சரிவாகத் தேய்த்து இறக்க வேண்டும். சரியாக வந்தால் வெறும் உலோகம், பழைய பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் அடுத்தடுத்த வளையங்களாக விரிந்து தெரியும். ஒவ்வொரு வளையமும் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலம் இருந்தால் நல்ல சரிவு. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை உலோகத்திலிருந்து பெயின்டை நோக்கி ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது தட்டினால் அங்கே படி இருக்கிறது. நகத்துக்குத் தட்டும் படி, கிளியர் கோட்டுக்கு மேலும் கோடாகத் தெரியும்.

வெள்ளைப் பொடி பூத்த இடம் இருந்தால் அதற்கு அப்பால் நல்ல, இறுக்கமான பெயின்ட் வரும்வரை தேய்த்துக்கொண்டே போங்கள். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் ஊர்ந்து வெளியே வரும்.

பட்டி

ஒரு வீலுக்குப் பத்துப் பதினைந்து கிராம் போதும். பாலியஸ்டர் பட்டி என்றால், அதை இறுக வைக்கும் ஹார்டனர் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது 50 கிராமுக்கு 1 கிராம். சிறிய அளவில் நிறுப்பது சிரமம். நிறம் எங்கும் ஒரே சீராக, கோடு கோடாகத் தெரியாமல் வரும்வரை மடித்து மடித்துக் கலக்குங்கள். கடகடவென்று அடித்துக் கலந்தால் காற்றுக் குமிழி ஏறி, தேய்க்கும்போது ஊசித்துளைகள் வெளிப்படும். ஹார்டனர் குறைந்தால் பிசுபிசுப்பு போகாது. கூடினால் சீக்கிரம் இறுகி நொறுங்கும். சில சமயம் அதன் நிறம் மேல் பெயின்டிலும் கசியும். எபாக்சி வகைக்குக் கணக்கு வேறு, டப்பாவில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

கலந்த பிறகு நான்கைந்து நிமிடம்தான் கையில் இருக்கிறது. பள்ளத்துக்குள் அழுத்தித் தேய்த்து முதல் மெல்லிய பூச்சு, அது இறுகியதும் சற்று மேடாக இரண்டாவது. 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரத்தில் தேய்க்கலாம். ரப்பர் குழாய்த் துண்டின் மேல் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டால் விளிம்பின் வளைவு கெடாது. விரலால் அழுத்தித் தேய்த்தால் பட்டி குழிந்துபோகும். 180, அப்புறம் 320. இந்தக் கட்டத்தில் தண்ணீர் தொடக் கூடாது. பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு பெயின்டைக் கொப்பளிக்க வைக்கும்.

பிரைமர்

தேய்த்த அலுமினியம் காற்றில் உடனே ஆக்சைடு படலம் கட்டும். ஆகவே தூசியைத் துடைத்து, ஆல்கஹால் போட்டு, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். எட்ச் பிரைமர் வாங்கியிருந்தால் வெறும் உலோகம் தெரியும் இடத்தில் ஒரே ஒரு மெல்லிய கோட். அதில் அமிலம் இருப்பதால் பட்டியின் மேல் கனமாக விழக் கூடாது. அதற்கு மேல் பட்டி போடவும் கூடாது, சரியாக இறுகாது.

அது காய்ந்ததும் ஃபில்லர் பிரைமர் இரண்டு மூன்று கோட், நடுவில் பத்து நிமிட இடைவெளி. நன்றாக உலர்ந்த பிறகு கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து மிக லேசாகத் தூவுங்கள். பிறகு 600 நம்பர் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மேடுகளில் கறுப்புப் புள்ளி முதலில் அழியும், பள்ளத்தில் அப்படியே நிற்கும். கறுப்பு நிற்கும் இடம்தான் இன்னும் ஃபில்லர் பிரைமர் கேட்கும் இடம். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் பள்ளத்தைக் கிளியர் கோட் அடித்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

நிறமும் கிளியரும்

வீலின் நிறமும் வண்டியின் உடல் நிறமும் வேறு வேறு, நிறக் குறியீட்டு எண்ணும் வேறு. முதலில் ஒரு அட்டையில் அடித்து, காய்ந்த பிறகு வெயிலில் வீலோடு வைத்துப் பாருங்கள். கேனுக்குள் இருக்கும் குண்டு உருளத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம். வீலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கையை ஓட்டி, வெளியே போய் விடுங்கள். மெல்லிய கோட் மூன்று நான்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அகலமாக. மெட்டாலிக் சில்வரைக் கனமாக அடித்தால் உள்ளிருக்கும் துகள் அடியில் படிந்து திட்டுத் திட்டாகக் கறுக்கும். கடைசிக் கோட்டை 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து தூவலாக விட்டால் சமமாகும்.

கிளியர் கோட்டைப் பட்டி போட்ட இடத்தோடு நிறுத்தாதீர்கள். தட்டையான பரப்பின் நடுவில் முடித்தால் அங்கே ஒரு கோடு விழும். நிறம் அடிக்கும் முன்பே முகப்பு முழுவதையும் 1000 நம்பரால் லேசாகத் தேய்த்து வைத்து, நிறத்துக்குப் பிறகு முழுவதற்கும் இரண்டு மூன்று கோட் அடிப்பதே சுத்தமான வேலை. ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் அதிகம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, சாதாரண முகமூடிக்கு அது நிற்காது. முதல்முறை செய்பவருக்குச் சாதாரண ஒன்-கே கிளியரே போதும். அதையும் காற்றோட்டமான இடத்தில்தான் அடிக்க வேண்டும்.

எது தவறும், ஏன்

பெயின்ட் வட்ட வட்டமாக விலகிக் குழி விழுந்தால் சிலிக்கான் மிச்சம் இருக்கிறது. அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் குழி மூடாது. காயவிட்டு, தேய்த்து, துடைத்து மறுபடி அடிக்க வேண்டும். வழிந்தால் கேன் மிக அருகில் வந்திருக்கிறது. வழிசலை ஈரத்தில் தொடாமல், மறுநாள் 1000 போட்டு இறக்கலாம். பரப்பு தோல்போல் சுருங்கினால் அடுத்த கோட்டை வேண்டாத நேரத்தில் அடித்திருக்கிறீர்கள். எவ்வளவு நேரத்துக்குள் அல்லது எவ்வளவு நேரத்துக்குப் பின் அடிக்கலாம் என்பது கேனில் இருக்கும். கிளியர் பால்போல் வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம், மழைநாளில் வேண்டாம். ஆரஞ்சுத் தோல்போல் வந்தால் பெரும்பாலும் குளிர்தான் காரணம். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்துவிட்டு அடியுங்கள், வெந்நீரில் கூடாது.

மாட்டுதல்

டேப்பைக் கடைசிக் கோட் முழுக்க இறுகுமுன் எடுங்கள். இறுகியபின் இழுத்தால் விளிம்பில் பிய்யும். வீலை 24 மணி நேரம் விடுங்கள், நகம் பதியாமல் இருந்தால் மாட்டலாம். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் இறுக்கி, டார்க் ரெஞ்சில் முடியுங்கள். பல கார்களுக்கு 90 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சரியான எண் வண்டியின் கையேட்டில். காற்றை உரிய அளவுக்கு ஏற்றாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை மறுபடி சோதியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு அமிலம் உள்ள வீல் கிளீனரும் உயர் அழுத்தத் தண்ணீரும் வேண்டாம். அதற்குப் பிறகு பளபளப்பில் பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால், 2000 நம்பர் தாளை நிறைய தண்ணீர் விட்டு லேசாக ஓட்டி, பாலிஷிங் காம்பவுண்டால் தேய்த்தால் சமமாகிவிடும்.