எல்.கே.ஜி. முதல் வருடம்: டிபன் டப்பா மூடியிலிருந்து தொடங்குங்கள்

போன ஜூனில் பாப்பாவை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். இப்போது யு.கே.ஜி. போகிறாள். என்னோடு கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பேர் இந்த ஜூனில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். மதியம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் "நீங்க என்னக்கா பண்ணுனீங்க?" என்று கேட்பார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒட்டுக்கா எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு அவிநாசிப் பக்கம். நானும் வீட்டுக்காரரும் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறோம். பாப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்வது அவளுடைய ஆத்தா, அதாவது என் மாமியார். எந்தப் பள்ளி நல்லது, ஃபீஸ் எவ்வளவு என்பதையெல்லாம் நான் பேசப்போவதில்லை. இடம் கிடைத்துவிட்டது, பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழை வெளியே எடுங்கள். அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா? நிறையப் பேருடையதில் இருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து பதிவு போகும்போது நாம் பெயரே வைத்திருக்க மாட்டோம். ஒரு வருடத்துக்குள் என்றால் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

அடுத்தது ஆதார். இரண்டிலும் பெயரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் பின்னால். இரண்டு நாள் லீவு அதற்கே போயிற்று. இப்போது பள்ளியில் ஏறுகிற பெயர்தான் பின்னாலேயே வரும், அதனால் சலிக்காமல் சரிபாருங்கள். 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கைரேகை எடுப்பதில்லை. 5 வயது முடிந்ததும் கைரேகையும் கருவிழியும் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அது பெரும்பாலும் யு.கே.ஜி. வருடத்திலோ அதை ஒட்டியோ வரும்.

வயதையும் ஒரு தடவை கணக்குப் போட்டுவிடுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31-க்குள் 3 வயது முடிந்தால் எல்.கே.ஜி., 5 முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவிலோ 2022-23 முதல் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும். பின்னால் அங்கே மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு வருட வித்தியாசம் இடிக்கும்.

படி 2: டப்பா

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

முதல் நாள் அரிசிம்பருப்புச் சோறு கட்டிக் கொடுத்தேன். பாப்பாவுக்கு உயிர். நெய் விட்டுப் பிசைந்து, கட்டியில்லாமல் கொடுத்தேன். சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் அப்படியே இருந்தது. முதல் நாள்தானே, அழுதிருப்பாள் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் தயிர்சாதம், மூன்றாம் நாள் எலுமிச்சைச் சந்தகை, நான்காம் நாள் உருளைக்கிழங்கு சாதம், ஐந்தாம் நாள் சின்னச் சின்ன இட்லி. ஐந்தும் போன கணக்கிலேயே திரும்பி வந்தன. மிஸ்ஸிடம் கேட்டேன். "சாப்பிட மாட்டேங்கறாங்க, போகப்போகச் சரியாயிடும்" என்றார். அங்கே முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மிஸ், ஒரு ஆயா. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஒரு விஷயத்தை நான் கவனித்திருக்க வேண்டும். பதினோரு மணிக்குத் தின்கிற முறுக்கு, பழம் வைக்கிற குட்டி டப்பா தினமும் காலியாகத்தான் வந்தது.

சனிக்கிழமை மாமியார்தான் யோசனை சொன்னார். "பையைத் தூக்கிட்டு வா கண்ணு, ஸ்கூல்ல எப்படித் திங்கறேன்னு ஆத்தாளுக்குக் காட்டு சாமி" என்றார். பாப்பா பையோடு வந்து கால் மடக்கி உட்கார்ந்தாள். ஜிப்பைத் திறந்தாள். டப்பாவை வெளியே எடுத்தாள். நாலு பக்கமும் க்ளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பா அது. குழம்பு சொட்டாது என்று கோயமுத்தூர் போய் நான் வாங்கி வந்தது. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு பெருவிரலால் ஒரு க்ளிப்பை மேலே தள்ளினாள். நகம் வெளுத்துப் போகிற அளவுக்குத் தள்ளினாள். க்ளிப் அசையவில்லை. அழவில்லை, கூப்பிடவும் இல்லை. டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அந்த ஐந்து நாளும் வகுப்பில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"மிஸ்ஸுகிட்டத் தொறந்து தரச் சொல்லலியா சாமி?"

"சாப்பிட்டு முடிச்சவங்க கை தூக்குங்கன்னு மிஸ் சொன்னாங்க. நான் முடிக்கலையல்லொ, தூக்கலை."

அன்றைக்கு நானும் மாமியாரும் சேர்ந்து அழுதோம். பிறகு அந்த டப்பாவை மேல் பலகைக்கு ஏற்றிவிட்டோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போதே தினம் ஒரு வேளையை, பையிலிருந்து எடுத்துத் தானாகச் சாப்பிடும் வேளையாக மாற்றுங்கள். தரையில் பாய் விரியுங்கள். ஜிப்பைத் திறப்பது, டப்பாவை எடுப்பது, மூடியைத் திறப்பது, ஸ்பூனை எடுப்பது, தின்பது, திரும்ப மூடுவது, பைக்குள் வைப்பது என்று எல்லாம் அவர்கள் கையாலேயே நடக்கட்டும். நீங்கள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். கை பரபரக்கும், தொடாதீர்கள். ஜிப் சிக்கினால் அதன் ஓட்டையில் ஒரு ரிப்பன் துண்டைக் கட்டிவிடுங்கள், பிடித்து இழுக்க வாகாக இருக்கும். இத்தனைக்கும் பிறகு ஒரு மூடி திறக்கவில்லை என்றால் டப்பாவை மாற்றுங்கள், பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

எவர்சில்வர் டப்பாதான் என் தேர்வு. வட்டமாக, உள்ளங்கை அகலத்தில், மேலே அழுத்தி மூடுகிற மூடி போதும். இரண்டு அடுக்கு வேண்டாம். மாமியார் குட்டித் தூக்குப்போசிதான் நல்லது என்கிறார். திறக்கச் சுலபம்தான், ஆனால் புத்தகப்பைக்குள் படுத்துவிட்டால் எல்லாம் கொட்டிவிடும். எவர்சில்வரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆவி பறக்கச் சோற்றைப் போட்டு மூடினால், ஆறும்போது உள்ளே ஆவி தண்ணீராகிக் காற்றழுத்தம் குறைந்து மூடியை உள்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நமக்கே திறக்க வராது. சோற்றைத் தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுப் போடுங்கள்.

அளவு, வீட்டில் தின்பதில் பாதி. முழு நிலக்கடலை, முழுத் திராட்சை இரண்டும் இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். கடலையைப் பொடித்து உருண்டை பிடியுங்கள், திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள்.

படி 3: பாத்ரூமுக்கு ஒரு சொல்

வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறோம். ஒண்ணுக்கு, மூச்சா, சூசூ என்று பல சொல். பள்ளியில் என்ன சொல்லச் சொல்கிறார்கள் என்று சேர்க்கும் அன்றைக்கே கேட்டு, அன்று சாயங்காலத்திலிருந்தே வீட்டிலும் அதையே சொல்லுங்கள். புதுச் சொல் வாயில் வராத பிள்ளை அடக்கிக்கொள்ளும். அடக்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்காது. தண்ணீர் பாட்டில் குடிக்காமல் நிறைந்தபடியே திரும்பி வந்து, சாயங்காலம் எரிகிறது என்று சொன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

பள்ளியில் இருப்பது குத்துக்கால் போடுகிற கழிப்பறையா, உட்காருகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் ஒன்று, அங்கே வேறு என்றால் முன்கூட்டியே பழக்குங்கள். பெல்ட், ஊக்கு வைத்த கால்சட்டை வேண்டவே வேண்டாம். எலாஸ்டிக்தான்.

ஜூலையில் இந்தப் பதிவில் சேர்த்தது: கீழே கருத்தில் ஒரு அக்கா எழுதியிருந்தார். சத்தியமங்கலம் பக்கம், வீட்டில் கன்னடம். பையனுக்குத் தமிழே அரைகுறை. மிஸ் பேசுவது புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறானாம். நம் பக்கம் கன்னடம், தெலுங்கு பேசுகிற வீடுகள் எத்தனையோ, இப்போது திருப்பூரில் இந்தி, ஒடியா வீடுகளும் இருக்கின்றன. இது எனக்குத் தோன்றாமல் போயிற்று. வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். "தண்ணி வேணும், பாத்ரூம் போகணும், வயிறு வலிக்குது, தொறந்து குடுங்க, அவன் அடிக்கறான்" என்ற ஐந்தை மட்டும் பள்ளி மொழியில் பழக்குங்கள். அதே ஐந்தையும் வீட்டு மொழியில் எப்படிச் சொல்வான் என்று ஒரு தாளில் எழுதி மிஸ்ஸிடம் கொடுங்கள். அந்த அக்கா அப்படிக் கொடுத்தார். மிஸ் அதைப் பலகை ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறாராம்.

படி 4: விட்டுவிட்டு வருவது

"பொம்மையைக் காட்டுறோம், நீங்க நைசா நழுவிடுங்க" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது அம்மாவைக் காணோம் என்றால், அடுத்த நாள் பிள்ளை கண்ணிமைக்காமல் நம் காலையே பிடித்துக்கொண்டு நிற்கும். சொல்லிவிட்டே வாருங்கள். "மூன்று மணிக்கு வருவேன்" என்பது மூன்று வயதுக்குப் புரியாது. "சோறு தின்னு, படுத்து எந்திரிச்சதும் ஆத்தா வாசல்ல நிப்பாங்க" என்று சொன்னால் புரியும். சொன்ன ஆள் சொன்ன நேரத்துக்கு நிற்க வேண்டும். ஒரு முத்தம், கையாட்டல், திரும்பி நடந்துவிடுங்கள். அழுகை கேட்டு மறுபடி உள்ளே போனால் இருவருக்கும் கஷ்டம்.

பாப்பா பன்னிரண்டு நாள் அழுதாள். அப்புறம் நன்றாகப் போனாள். காலாண்டு லீவுக்கு அம்மாயி, அப்புச்சி (என் அம்மா, அப்பா) வீட்டில் இருந்துவிட்டு வந்து மறுபடி நாலு நாள் அழுதாள். நான் பதறிவிட்டேன். லீவு முடிந்தால் இப்படி வருவது வழக்கம்தான், அரையாண்டுக்குப் பிறகும் வரலாம்.

படி 5: வேன்

முதல் இரண்டு வாரமாவது நீங்களே கொண்டுபோய் விடுங்கள். அதற்குப் பிறகு வேன். பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் 2012-இலிருந்தே தனி விதிகள் இருக்கின்றன. பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் இருக்க வேண்டும். ஆள் இல்லாத வண்டியில் ஏற்றாதீர்கள். இறங்கிய பிள்ளை வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஓடிவிடாமல், வீட்டு ஆள் வண்டிக் கதவு வரைக்கும் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும்.

படி 6: எழுத்து

ஆகஸ்டில் வீட்டுப்பாடம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுதி வரச் சொன்னார்கள். பாப்பா நாலு வரி எழுதிவிட்டுக் கையை உதறினாள். மணிக்கட்டில் இருக்கிற 8 சிறு எலும்புகளில் பல இந்த வயதில் இன்னும் குருத்தெலும்புதான், விரல்களுக்கும் வலு ஏறியிருக்காது. மிஸ்ஸிடம் பக்குவமாகச் சொன்னேன். மூன்று வரி போதும் என்று ஒத்துக்கொண்டார். நீங்களும் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஃப்ரோபல் என்ற கல்வியாளர் 1837-இல் ஜெர்மனியில் இந்த மாதிரிப் பள்ளியை ஆரம்பித்து, பிறகு 'குழந்தைகள் தோட்டம்' என்று பொருள்பட 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். எல்.கே.ஜி.யில் வருகிற கே.ஜி. அதுதான். அங்கே பிள்ளைகள் கட்டைகளை அடுக்கினார்கள், பாடினார்கள், செடி வளர்த்தார்கள்.

விரல் வலுவுக்கு நம் வீட்டிலேயே வேலை கிடக்கிறது. சப்பாத்தி மாவை உருட்டட்டும். கறிவேப்பிலை உருவட்டும். கடலைக்காய் வந்த காலத்தில் ஆத்தாவோடு உட்கார்ந்து தோல் உரிக்கட்டும் (பருப்பு வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). பாப்பா இரண்டு மாதம் கடலைக்காய் உரித்தாள். கார்த்திகை வாக்கில் பென்சிலை அழுத்தமாகப் பிடித்தாள். விஜயதசமிக்கு அரிசியில் எழுதினாள், அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

படி 7: காய்ச்சல்

முதல் வருடத்தில் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். வீட்டில் மட்டுமே இருந்த பிள்ளை திடீரென்று முப்பது பேர் மூச்சுக்குள் உட்காருகிறது, அதனால்தான். லீவைச் சேர்த்து வையுங்கள். வாய், கை, காலில் கொப்புளம் கண்டால் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆறும் வரை வீட்டிலேயே வையுங்கள், மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றும். டி.பி.டி. தடுப்பூசியின் இரண்டாவது பூஸ்டர் 5-6 வயதில் உண்டு, குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் சேர்த்தது: கோபியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பையன் டப்பாவை நன்றாகத் திறக்கிறான், தின்கிறான், ஆனால் திரும்ப மூடத் தெரியவில்லை. மிச்சத் தயிர்சாதம் டைரி முழுக்க. டப்பாவை எவர்சில்வராக மாற்றி, மூடியைத் தரையில் வைத்து டப்பாவை அதன்மேல் கவிழ்க்காமல், டப்பாவைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் மூடியை மேலிருந்து அழுத்தச் சொல்லிக் கொடுங்கள். விரலால் அமுக்கினால் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் தூக்கும். "டக்" என்று சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும் என்று சொன்னால் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே செய்வார்கள். அது பழகும் வரை தயிர்சாதத்தை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பையைத் துவைத்துக் காயப்போட நேரம் இருக்கும்.